விருந்தாளி அறை

ஜனவரி 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சுகமாக இருக்கிறோம். நீயும் பாப்பாவும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பாப்பா இப்போது எந்த வகுப்பு? ஒழுங்காகப் படிக்கிறாளா?

ஒரு நல்ல செய்தி. ஆலையில் நிர்வாக அதிகாரி வேலையை நானாகவே விட்டுவிட்டேன். எத்தனை காலம்தான் அடுத்தவன் கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பது? கை கால் நன்றாக இருக்கும்போதே ஓய்வெடுப்பதுதான் புத்திசாலித்தனம். மேலிடத்தில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். நான் ஒன்றை முடிவு செய்தால் மாற்றமாட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

ஆலை பங்களாவை மே மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். இந்த மாநிலமே எனக்கு அலுத்துவிட்டது. உன் அண்ணிக்கு முழங்கால் வலி. உங்கள் பக்கத்துக் காற்று ஒத்துக்கொள்ளும் என்கிறார் டாக்டர். நீ அங்கே போய்ப் பல வருஷமாகிவிட்டது. பல் செட் செய்யும் பட்டறை சொந்தமாக வைத்திருக்கிறாய் என்றும் கேள்விப்பட்டேன். நாலு பேரைத் தெரிந்து வைத்திருப்பாய். எங்களுக்கு ஒரு வீடு பார்.

தனி வீடாக இருக்க வேண்டும். தரைத் தளம். சத்தமில்லாத தெரு. முன்னால் நாலு செடி வைக்க இடம். இரண்டு படுக்கை அறை போக விருந்தாளி அறை ஒன்று அவசியம். யாராவது வந்தால் எங்கே படுக்க வைப்பது?

போனில் கூப்பிடாதே. பேச்சு பேச்சோடு போய்விடும். எதுவானாலும் எழுது. அது உனக்குப் பழக்கம்தானே.

அன்புடன்,
அண்ணன்

*

ஜனவரி 22

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சௌக்கியம். அண்ணியின் முழங்காலை விசாரித்ததாகச் சொல்லுங்கள். படிக்கட்டு ஏறவிட வேண்டாம்.

பாப்பா எந்த வகுப்பு என்று கேட்டிருந்தீர்கள். அவளுக்கு இருபத்தாறு வயது. பட்டறைக் கணக்கு வழக்கெல்லாம் அவள்தான். கடிதத்தைக் காட்டினேன். "ஒண்ணாங் கிளாஸ்னு எழுதும்மா, சந்தோஷப்படட்டும்" என்றாள். வாய் நீளம். என்னைக் கொண்டிருக்கிறாள்.

எழுதச் சொன்னது நல்லது. நீங்கள் சொன்னதுபோல் எனக்கு அது பழக்கம்தான். அவர் எங்களை விட்டுப் போனபின் நாலு வயதுக் குழந்தையோடு உங்கள் பங்களாவுக்கு வந்த முதல் நாளே சொல்லிவிட்டீர்களே: "நேர்ல வந்து நிக்காத. எது வேணும்னாலும் எழுதி ஃபிரிட்ஜ் மேல வை." நானும் வைத்தேன். மறுநாள் அதே சீட்டின் கீழே, சிவப்பு மையில், "ஆவன செய்யப்படும்" என்று பதில் இருக்கும். பாப்பாவுக்கு இருமல் சிரப் வேண்டும், ஆவன செய்யப்படும். அறையில் சுவர் ஈரமாக இருக்கிறது, ஆவன செய்யப்படும். கடைசியில் வேலை கிடைத்து இந்த மாநிலத்துக்குக் கிளம்புகிறேன் என்று எழுதி வைத்தேன். அதற்கும் அதையேதான் எழுதியிருந்தீர்கள். ரயிலில் அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஒரு தரகர் இருக்கிறார். எதைக் கேட்டாலும் "முடிச்சிடலாம்" என்பார். அதனால் அவருக்கு அதுவே பெயர். அவர் காட்டிய முதல் வீடே நீங்கள் கேட்ட மாதிரி இருந்தது. தரைத் தளம், செடி வைக்க இடம், விருந்தாளிக்குத் தனி அறை. பகலில்கூடச் சமையலறைக் குழாய் சொட்டுவது வாசல்வரை கேட்கும், அவ்வளவு அமைதி.

வீட்டுக்காரர் ஒன்றே ஒன்று கேட்டார். "வேலைய அவரே விட்டாரா, விட வெச்சாங்களா? கம்பெனிலேர்ந்து ஒரு லெட்டர் வாங்கிட்டு வரச் சொல்லுங்க." உங்களிடம் இல்லாத லெட்டரா என்று சொல்லிவிட்டு வந்தேன். அனுப்பி வையுங்கள். மற்றதை முடிச்சிடலாம் முடித்துவிடுவார்.

அன்புடன்,
தங்கை

*

பிப்ரவரி 11

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். உங்கள் நலம் பற்றி எழுதியது நிம்மதி.

அந்த வீட்டுக்காரர் நாகரிகம் தெரியாத ஆள். நானே விட்டேன் என்று நான் சொன்னால் போதாதா? அப்படிப்பட்டவன் வீட்டில் குடியிருக்க எனக்கு விருப்பமில்லை. விட்டுவிடு. லெட்டர் கேட்காத இடமாகப் பார். தரைத் தளம்தான் வேண்டும் என்றில்லை, மாடியும் சரி. உன் அண்ணி மெதுவாக ஏறிக்கொள்வாள்.

ஒரு வீடு பார்க்க ஒரு மாதமா? பட்டறையை வேறு யாராவது நாலு நாள் பார்த்துக்கொள்ளக் கூடாதா? பல் எங்கே ஓடிவிடப் போகிறது?

இனிமேல் கடிதங்களை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கும் முகவரிக்கு அனுப்பு. பங்களாவில் வெள்ளையடிக்கிறார்கள். சுண்ணாம்பு வாடை உன் அண்ணிக்கு ஆகவில்லை. அதனால் என் பழைய டைப்பிஸ்ட் வீட்டு மாடியில் கொஞ்ச நாள் இருக்கிறோம். மிகவும் வற்புறுத்திக் கூப்பிட்டார், மறுக்க முடியவில்லை.

அன்புடன்,
அண்ணன்

*

மார்ச் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். வெள்ளையடிப்பு முடிந்ததா? பெரிய பங்களா, நாளாகத்தான் செய்யும்.

இரண்டாவது வீடு பார்த்தேன். இதில் லெட்டர் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்காரம்மா நிபந்தனை மட்டும்தான் சொன்னார். முன்வாசலில் குடித்தனக்காரர் வரக் கூடாது, பக்கத்துச் சந்து வழியாகப் போக வர வேண்டும். துணியை முன்பக்கம் உலர்த்தக் கூடாது. அவர்கள் வீட்டுக்கு ஆள் வந்திருந்தால் அறையை விட்டு வெளியே வரக் கூடாது. குழந்தை இருந்தால் அழக் கூடாது. ஹாலில் உட்கார்ந்து டிவி பார்க்கக் கூடாது. எட்டு மணிக்கு மேல் விளக்கு எரியக் கூடாது.

முடிச்சிடலாமுக்கே முகம் சுருங்கிவிட்டது. "ஏம்மா, இது மனுஷன் குடியிருக்கற எடமா?" என்றார். உங்களை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "எங்கண்ணன் கட்டுதிட்டமா வாழ்ந்தவர், அவருக்கு இதெல்லாம் ரொம்பப் பிடிக்கும்" என்று சொன்னேன்.

இந்த நிபந்தனைகளை ஏற்கெனவே எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து பாப்பாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பேசி முடிக்கட்டுமா? எழுதுங்கள்.

அன்புடன்,
தங்கை

*

மார்ச் 13

தங்கச்சிக்கு,

நலம்.

உன் கடிதத்தில் இருந்த குத்தல் எனக்குப் புரியாமல் இல்லை. நான் ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை. என் வீட்டில் நீ இருந்தபோது ஒழுங்கு இருந்தது. அது உன் நல்லதுக்குத்தான். புருஷன் விட்டுப்போன பெண் முன்வாசலில் நின்றால் ஆலைக் குடியிருப்பில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். எனக்கு ஒரு பதவி இருந்தது. அந்த ஒழுங்கில் வளர்ந்ததால்தான் இன்று ஒரு பட்டறைக்கு முதலாளியாக இருக்கிறாய்.

சோற்றுக்குக் குறை வைத்தேனா? வாடகை கேட்டேனா? அந்தத் தண்ணீர் மோட்டார் ஒன்றுதான் தொல்லை. அதுவும் நீ வந்த பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை தானாக நின்றுவிடும். தொட்டி காலி, என் சட்டை நனையாமல் கிடக்கும். ரிப்பேர்காரன் வந்து பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லை சார், நல்லாத்தான் ஓடுது" என்பான். உன் அண்ணியை அதற்காக எவ்வளவு திட்டியிருப்பேன். அப்படியெல்லாம் கஷ்டப்பட்டுத்தான் உங்களை வைத்துக் காப்பாற்றினேன்.

அதை விடு. நான் ஓர் அதிகாரி, அந்தம்மா போடும் நிபந்தனைக்கெல்லாம் உட்பட முடியாது. தனி வீடு கிடைக்காவிட்டால் ஒரு போர்ஷன் போதும். விருந்தாளி அறை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு ஹால், ஒரு அறை. சீக்கிரம் பார்.

உன் வீடும் பெரிய வீடு என்று கேள்வி. சும்மா சொன்னேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அண்ணி எப்படி இருக்கிறார்? அவரைப் பற்றி நீங்கள் எழுதுவதே இல்லை.

மூன்றாவது இடம் பார்த்தேன். வீடு என்று சொல்ல வராது, அறை. பெரிய வீடு ஒன்றின் பின்பக்கம், தண்ணீர் மோட்டாரை ஒட்டி. ஜன்னல் இருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள், தோட்டத்துப் பக்கம் பார்வை போகக் கூடாதாம். சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரம். கையை வைத்தால் சுண்ணாம்பு உதிர்ந்து உள்ளங்கையில் ஒட்டிக்கொள்கிறது. மோட்டாரைப் போட்டுக் காட்டச் சொன்னேன். அலமாரியில் இருந்த டம்ளர் நடுங்கி நடுங்கி விளிம்புக்கு வந்தது. விழுவதற்கு முன்னால் நானே பிடித்துக்கொண்டேன். உங்கள் பங்களாவில் மோட்டாரை ஒட்டியே இருந்த எனக்குத்தான் அது எந்த நேரத்தில் விழும் என்று தெரியுமே.

பாப்பாவும் வந்திருந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "வாடி, உள்ள பாரு" என்றேன். "நான் வரலம்மா" என்றாள். கைப்பையைத் திறந்து மூச்சுக்கு இழுக்கும் மருந்தை எடுத்து இரண்டு தடவை இழுத்தாள். எந்த அறையில் அந்த இளைப்பு வந்ததோ அது உங்களுக்குத் தெரியும். இன்றுவரை அந்த மருந்து இல்லாமல் அவள் தெருமுனைக்குக்கூடப் போவதில்லை. எனக்கு வயிறு எரிந்தது அண்ணா. எரிகிறது என்று நேராகவே எழுதுகிறேன்.

உங்கள் பங்களாவில் மாடியில் ஒரு அறை இருந்தது. இரண்டு ஜன்னல், புது மெத்தை, நல்ல வெளிச்சம். நாங்கள் இருந்த நாலு வருஷமும் அது பூட்டியே இருந்தது. குழந்தைக்கு மட்டுமாவது அதைக் கொடுங்கள் என்று எழுதி வைத்தேன். உங்கள் சிவப்பு மை எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

இந்த அறைக்கு முன்பணம் கொடுத்துவிடட்டுமா? வாடகை ஒத்துவரும் என்கிறார் முடிச்சிடலாம். இரண்டு பேர் படுக்கலாம், ஒருவர் காலை மடக்கிக்கொண்டால்.

தங்கை

*

ஏப்ரல் 16

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணி எழுதுகிறேன். உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீயும் பாப்பாவும் சுகமா? பாப்பாவுக்கு இன்னும் இளைப்பு போகவில்லை என்று படித்தேன். கடிதத்தைப் படித்துவிட்டு அவர் கிழித்துப் போட்டார். துண்டுகளைச் சேர்த்து வைத்து நான் படித்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் வேலையை விடவில்லை. அனுப்பிவிட்டார்கள். ஒரு யந்திரத்தின் மேல்மூடி உடைந்துவிட்டது என்று ஒரு தொழிலாளி நேரில் வந்து சொல்லியிருக்கிறான். "எழுதிக் குடு" என்றிருக்கிறார். ஆலையில் இவருக்குப் பெயரே அதுதான், எழுதிக்குடு சார். அந்தப் பையனும் எழுதிக் கொடுத்தான். அதன் கீழே வழக்கமாக எழுதுவதை எழுதித் தட்டில் போட்டுவிட்டு மறந்துவிட்டார். அடுத்த வாரம் அவன் கை போய்விட்டது, மணிக்கட்டு வரை. விசாரணையில் அந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டினார்கள். சிவப்பு மையில் இவர் கையெழுத்து.

பங்களாவிலிருந்து ஜனவரியிலேயே இறக்கிவிட்டார்கள். வெள்ளையும் அடிக்கவில்லை, ஒன்றும் அடிக்கவில்லை. டைப்பிஸ்ட் வீட்டு மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் இருக்கிறோம். கம்பிப் படியில் நான் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறுகிறேன். அவர்களும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பையனின் அம்மா தெருவில் வந்து நின்று கத்திவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு இந்த ஊரில் யாரும் வீடு தர மாட்டார்கள்.

இவர் இதையெல்லாம் உனக்கு எழுத மாட்டார். உன்னிடம் கேட்க எனக்கும் முகமில்லை. உன் பட்டறையில் தரையைக் கூட்டி வாழ்ந்தாலும் சரி, ஒரு மூலை இருந்தால் சொல். நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

அண்ணி

*

ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் பாப்பாவும் நானும் சேர்ந்து படித்தோம். முதலில் மருந்துக் கடைக்குப் போய் முழங்காலுக்கு ஒரு பட்டை வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாப்பா தூங்கும் நேரம் பார்த்து மோட்டார் ஏன் நின்றது என்று எனக்குத் தெரியும். ரிப்பேர்காரனுக்குத் தெரியாது, அண்ணனுக்குத் தெரியாது. சமையலறைக்கு வெளியே இருந்த சுவிட்சை நீங்கள் அணைப்பதைப் பாப்பா கதவு இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறாள். "அத்தை சத்தத்த நிறுத்திட்டாங்க" என்று என் காதில் வந்து சொல்வாள். தொட்டி காலியாகி நீங்கள் திட்டு வாங்குவதும் எங்கள் அறைக்குக் கேட்கும். மறுபடியும் நிறுத்துவீர்கள். அதை நாங்கள் மறக்கவில்லை.

வாருங்கள். உங்களுக்கு இங்கே அறை இருக்கிறது. கீழ்த்தளம், இரண்டு ஜன்னல், படியே கிடையாது. பாப்பா அதில் புதுத் திரைச்சீலை போடப் போகிறாள்.

அண்ணனுக்குத் தனியாக எழுதுகிறேன்.

உங்கள் தங்கை

*

ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

ஊர் முழுக்கச் சுற்றியாகிவிட்டது. முடிச்சிடலாமே கையை விரித்துவிட்டார். நீங்கள் சும்மா சொன்னதை நான் சும்மா விடவில்லை. என் வீட்டில் இடம் இருக்கிறது, வாருங்கள்.

உங்களுக்குப் பின்பக்க அறை. கட்டில் போட்டிருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் பட்டறையின் கம்ப்ரசர் ஓடும். பல் செட்டைக் காற்று ஊதிச் சுத்தம் செய்ய அது வேண்டும். பட்டறைக்கு வாடிக்கையாளர்கள் முன்வாசல் வழியாக வருவார்கள், ஆகையால் நீங்கள் பக்கத்துச் சந்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மற்ற ஒழுங்குகள் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எது வேண்டுமானாலும் எழுதி ஃபிரிட்ஜ் மேல் வைத்தால் போதும்.

வருவதற்கு முன் எனக்கு ஒரு பதில் வேண்டும். ஒரு வரி போதும். அந்த மாடி அறையைக் குழந்தைக்கு ஏன் கொடுக்கவில்லை? தப்பாகிவிட்டது என்று எழுதினாலும் சரி. அப்படி எழுதிவிட்டால் நானும் சிலதை மாற்றிக்கொள்வேன். யோசித்து எழுதுங்கள், அண்ணா.

அன்புடன்,
தங்கை

*

மே 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். கடிதம் கண்டு மிகவும் சந்தோஷப்பட்டேன். ரத்த பாசம் என்பது சும்மாவா? என்ன இருந்தாலும் என் கூடப் பிறந்தவள் என்பதைக் காட்டிவிட்டாய். உன் அண்ணியும் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள். இந்த வயதில் அவள் பாட்டு முணுமுணுப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

கம்ப்ரசர், சந்து, எல்லாம் சரிதான். நான் வந்ததும் நேரில் பார்த்து அந்த ஏற்பாடுகளையெல்லாம் சீர்செய்துகொள்ளலாம். பட்டறை நிர்வாகத்திலும் உனக்கு ஒரு பெரியவர் துணை இருந்தால் நல்லதுதானே. கடிதப் போக்குவரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ கேட்ட மாடி அறை பழைய கதை. ஏன் கேட்கிறாய் என்றே புரியவில்லை. அது விருந்தாளிகளுக்கான அறை. மேலிடத்திலிருந்து யாராவது வந்தால் தங்க வைக்க வேண்டாமா? யாரும் வரவில்லை என்பது வாஸ்தவம். வந்திருந்தால்? குழந்தை படுத்த மெத்தையில் அவர்களைப் படுக்கச் சொல்ல முடியுமா? நீயே யோசித்துப் பார், நியாயம் புரியும்.

இருபத்தோராம் தேதி ரயிலில் வருகிறோம். ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்

*

ஜூன் 28
பின்பக்க அறை

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் நலம் என்பது நீங்கள் ஹாலில் பேசிச் சிரிப்பதிலிருந்து தெரிகிறது. முன்னறையில் இருக்கும் உன் அண்ணியின் நலமறிய ஆவல்.

ஃபிரிட்ஜ் மேல் இது என் நாலாவது கடிதம். முதல் மூன்றும் அங்கேயே இருக்கின்றன. ஒன்றன்மேல் காப்பி டம்ளர் வைத்த வட்டம் விழுந்திருக்கிறது. ஒருவேளை நீ பார்க்கவில்லையோ என்று நேற்று நேரில் சொல்ல வந்தேன். "எழுதி வைங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் பாப்பா கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாங்கள் வந்து இறங்கிய அன்று, அண்ணிக்கு முழங்கால் சரியாகும்வரை அந்த அறை என்றாய். சரி என்றேன். நான் மட்டும் சந்து வழியாக வந்தேன். இப்போது அவள் வாசல்வரை நடந்து போய் முடிச்சிடலாமிடம் நின்று பேசுவதைச் சந்திலிருந்து பார்க்கிறேன். முழங்கால் சரியாகிவிட்டது என்றுதான் தோன்றுகிறது. பட்டறை ஆட்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் எனக்குத் தட்டு வருகிறது. அதைப் பாப்பா வாசற்படியில் வைத்துவிட்டுப் போகிறாள். அந்த நேரத்தில் உன் அண்ணி எங்கே என்று எனக்குத் தெரிவதில்லை. இத்தனை வருஷத்தில் நான் தனியாகச் சாப்பிட்டதில்லை.

அறையைப் பற்றியும் எழுத வேண்டும். அலமாரி நிறைய பல் செட் மாதிரிகளை வைத்திருக்கிறாய். விழித்துப் பார்த்தால் எல்லாம் வாயைத் திறந்துகொண்டிருக்கின்றன. அவற்றிலிருந்து உதிரும் சுண்ணப் பொடி தொண்டையில் அடைக்கிறது. இரண்டு நாளாக மூச்சு விடும்போது உள்ளே விசில் மாதிரி ஒரு சத்தம். பாப்பாவிடம் இருக்கும் அந்த மருந்தை ஒரே ஒரு தடவை தந்தால் போதும். கம்ப்ரசர் ஓடும்போது கட்டிலே நகர்கிறது. மத்தியானம் ஒரு மணி நேரமாவது அதை நிறுத்தினால் கண்ணை மூடுவேன். நான் அதிகாரியாக இருந்தவன் என்பதையெல்லாம் எழுதவில்லை, சும்மா மனுஷனாகக் கேட்கிறேன்.

உன் அண்ணியை ஒரு தடவை வந்து பார்க்கச் சொல். இல்லாவிட்டால் முன்னறையில் ஒரு ஓரமாக எனக்கும் ஒரு பாய் போடு.

பதில் எதிர்பார்த்து,
அண்ணன்

*

ஜூன் 29
முன்னறை

உங்களுக்கு,

உங்கள் தங்கைக்குப் பட்டறையில் அவசர வேலை. அதனால் பதிலை என்னை எழுதச் சொன்னாள். நாங்கள் மூன்று பேரும் சுகம். எனக்கு முழங்கால் வலி போய்விட்டது. பட்டறையில் பல்லுக்கு மெருகு போடக் கற்றுக்கொள்கிறேன். கை நடுங்கவில்லை என்று பாப்பா பாராட்டுகிறாள்.

முன்னறையில் பாய் போடக் கேட்டிருந்தீர்கள். அது விருந்தாளி அறை. இப்போது நான் விருந்தாளி. எனக்கு அது பிடித்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் தனியாகச் சாப்பிட்டதில்லை என்கிறீர்கள். நீங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நான் சாப்பிட்டேன். பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததை நீங்கள் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது.

மூச்சு மருந்து பற்றி எழுதியதைப் பாப்பாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு உள்ளே போய்ச் சிவப்புப் பேனாவை எடுத்து வந்து கீழே ஏதோ எழுதினாள். ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறாள், பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லி எழுதியிருந்தீர்கள். அதன் சுவிட்ச் என் அறைக்கு வெளியேதான் இருக்கிறது. கை நீட்டினால் எட்டும். மத்தியானம் அதற்குப் பக்கத்தில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி